ஊசியும் மூங்கில் தப்பையும்

என் வலது கை நடுவிரல் முழுசாக நிமிராது. சோறு பிசையும்போது மற்ற விரல்களெல்லாம் வேலை செய்ய, அது மட்டும் உள்ளே சுருண்டு கிடக்கும். பார்க்கிறவர்கள் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். கம்பெனி வேலையில் வந்தது என்பேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் பொத்தி வைத்து என்ன சாதித்தேன்? ஒரு மண்ணும் இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் அப்போது இரண்டு பக்கமும் வயலும் ஏரியும்தான். நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு ஒரு ரப்பர் கம்பெனி வந்தது. வண்டிகளுக்கு வேண்டிய புஷ், வாஷர், குழாய் மூடி எல்லாம் அங்கே அச்சில் வார்ப்பார்கள். அச்சிலிருந்து வரும் சாமான் சுத்தமாக வராது. தோசையின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு விளிம்பு நிற்குமே, அந்த மாதிரி சுற்றிலும் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறைக் கத்திரியால் வெட்டி எறிவது எங்கள் வேலை. ஆண்களுக்கு மெஷின், பெண்களுக்குக் கத்திரி. இந்தப் பங்கீட்டைக் கண்டுபிடித்த மகராசன் யாரோ, அவன் விரல் மட்டும் நன்றாக இருக்கட்டும்.

கத்திரி சின்னது, ஆனால் இறுக்கமானது. மேல் வளையத்தில் கட்டைவிரல், கீழ் வளையத்தில் நடுவிரல். தோல் உரியாமல் இருக்க வளையத்தில் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிக்கொள்வோம். ரப்பர் சூடாக வரும்போதே வெட்டினால் பிசிறு லேசாக வரும். ஆறிவிட்டால் மாட்டுத்தோலை வெட்டுவது போல இழுக்கும். காலையில் உட்கார்ந்தால் மணி அடிக்கும்வரை கையை மூடுவதும் திறப்பதும்தான். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கருப்பாக வரும்.

எங்கள் பெஞ்சில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. கத்திரியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. கொடுத்தால் சண்டை வரும். யாருக்காவது கத்திரி வேண்டுமென்றால் மேஜைமேல் வைக்கவேண்டும், அவள் எடுத்துக்கொள்ளவேண்டும். ஒரு தடவை புதிதாக வந்தவள் ஒருத்தி தெரியாமல் நீட்டிவிட்டாள் என்று பெஞ்சே சேர்ந்து அவளைத் திட்டித் தீர்த்தது. அத்தனை கண்டிப்பு.

என் இடப்பக்கத்தில் உட்காருகிறவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மணிமங்கலத்துப் பக்கம் அவள் ஊர். என்னைவிடப் பத்து வயது பெரியவள். அவள் புருஷன் கிணறு வெட்டுகிறவர். வெட்டும்போது மேலேயிருந்து கல் சரிந்து இடுப்பில் விழுந்து, இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. இரண்டு பெண் பிள்ளைகள். எனக்கு அப்போது கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. நான் வேலைக்கு வந்தது வயிற்றுப்பாட்டுக்காக இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாமியார் வீட்டில் ஐந்து மாடு. விடியும்போது சாணி அள்ள ஆரம்பித்தால் சாணிக் கூடையோடுதான் பொழுது போகும். கம்பெனியில் ஃபேன் உண்டு, டீ உண்டு, நாலு பேரோடு பேச்சு உண்டு. நிரந்தர வேலை கிடைக்காவிட்டால் நின்றுவிட வேண்டியதுதான் என்று மாமியார் கெடு வைத்திருந்தாள். அந்தத் தொழுவத்துக்கு நான் திரும்பப் போகக்கூடாது. அவ்வளவுதான் என் தேவை. அக்காவின் தேவையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெட்கக்கேடு.

அந்த மழைக்காலத்தில் எனக்கு விரல் மாட்டிக்கொள்ள ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் நடுவிரல் மடங்கியே இருக்கும். நிமிர்த்த முயன்றால் வராது. இடது கையால் பிடித்து இழுத்தால் டக்கென்று ஒரு உதறல், உயிர் போகிற வலி, அப்புறம் நிமிரும். திரும்ப மடக்கினால் திரும்ப மாட்டும். டீ மணி அடித்ததும் எல்லாரும் கத்திரியைப் போட்டுவிட்டு எழுந்துபோவார்கள். என் விரலில் மட்டும் கத்திரி கொக்கியில் மாட்டினது மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் அதைக் கழற்றப் போராடிக்கொண்டே பக்கத்தில் பார்த்தால், அக்காவும் இடது கையால் தன் கத்திரியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, உன்னுதும் மாட்டிக்கினுச்சா?" என்றாள்.

"உனக்கு எப்பலருந்துக்கா?"

"ஆடி மாசத்துலருந்து கீது. சொன்னா தொரத்திடுவானுங்கன்னு வாய மூடிக்கினு கீறேன். நீயும் மூடிக்கோ."

இரண்டு பேரும் சிரித்தோம். ஒரே சீக்கு வந்த இரண்டு பேருக்கு வருகிற சிரிப்பு அது.

அன்றிலிருந்து வைத்தியம் பார்ப்பதும் அதை ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்வதுமாக நாள் போனது. உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். கொடுக்கும்போது சுகமாக இருக்கும், ஒரு மணி நேரம் விரல் லேசாகும், முதல் தட்டு சாமான் வெட்டி முடிப்பதற்குள் பழைய குருடி. அக்கா விளக்கெண்ணெய் போட்டு விரல் மூட்டை நீவிக்கொண்டாள். மூட்டில் ஒன்றுமில்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. பெஞ்சில் ஒருத்தி, விரலை வேகமாக இழுத்துச் சொடக்கு எடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி என் விரலைப் பிடித்து இழுத்தாளே பார்க்கவேண்டும்! இரண்டு நாள் கை வீங்கிக் கிடந்தது. எல்லா வைத்தியத்திலும் கேடு கெட்டது அதுதான்.

அரசு டாக்டர் வெள்ளை மாத்திரை கொடுத்தார். வலி அடங்கியது, மாட்டுவது நிற்கவில்லை. வயிறுதான் எரிந்தது. "கையால் செய்கிற வேலையைக் குறைத்துக்கொள்" என்றார். வேலையைக் குறைத்தால் வேலையே போய்விடும் என்று அந்த மனுஷருக்கு யார் சொல்வது? மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் மெழுகை உருக்கி அதில் கையை முக்கி எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு, லீவு போட்டு அங்கேயும் போனேன். கைமேல் மெழுகு கையுறை மாதிரி படிந்து, சூடு உள்ளே இறங்க இறங்கக் கண்ணைச் சொக்கியது. அப்படியே பத்து நாள் தொடர்ந்து வரவேண்டும் என்றார்கள். பத்து நாள் லீவுக்கு எங்கே போவது? திரும்பி வருகையில் பஸ் கம்பியைப் பிடித்த கை, கிண்டி தாண்டுவதற்குள் மறுபடி மாட்டிக்கொண்டது.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். சூபர்வைசர் வந்து சொன்னான்: நிரந்தரம் பண்ணப் போகிறார்கள், மாசி மாதக் கடைசியில் கம்பெனி டாக்டர் வந்து ஒவ்வொருவரையும் சோதிப்பார், தேறினவர்களுக்குத்தான் வேலை. கண்ணைப் பார்ப்பார்கள், நெஞ்சைப் பார்ப்பார்கள், கையை மடக்கி விரிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் நாங்கள் இருவரும் கையைப் பெஞ்சுக்குக் கீழே இறக்கிக்கொண்டோம். அதோடு நின்றதா? ஒரு பெஞ்சுக்கு ஒருத்தியைத்தான் எடுப்பார்களாம் என்று ஒரு பேச்சும் கிளம்பியது. யார் சொன்னார்கள், எவன் காதில் விழுந்தது, ஒன்றும் தெரியாது. ஆனால் எல்லாரும் நம்பினோம். நானும் நம்பினேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், வேலிக்காத்தான் நிழலில் உட்கார்ந்து அக்கா ஒரு யோசனை சொன்னாள்.

"இதப் பாருடி. ரெண்டே வைத்தியம் தான் பாக்கி. எங்க ஊரு பக்கம் கட்டு கட்டுறவரு ஒருத்தரு கீறாரு. தாம்பரத்துல ஒரு டாக்டரு உள்ளங்கையில ஊசி போடுறாருன்னு நீ சொன்ன. ரெண்டு பேரும் ரெண்டையும் பாத்துக்கினு இருந்தா நாள் பத்தாது. ஆளுக்கு ஒண்ணு பாப்போம். எது கேக்குதோ அத மத்தவளுக்கு உடனே சொல்லிடணும். அவ அத்தப் பண்ணிக்கட்டும். இன்னா சொல்ற?"

"யாருக்கு எதுக்கா?"

"உனக்கு படப்பையிலருந்து தாம்பரம் ஒரே பஸ்ஸு. நீ ஊசி பாரு. கட்டுக்காரரு நான் வூட்டுக்குப் போற வழியில கீறாரு. நான் கட்டு பாக்குறேன்."

ஒருபேச்சுக்கு ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை, மனசார ஒப்புக்கொண்டேன். அன்றைக்கு என் மனதில் கள்ளம் இல்லை. இதையாவது நீங்கள் நம்பவேண்டும்.

கட்டுக்காரர் அக்காவின் கையை வாங்கி, மூட்டைத் தொடவே இல்லையாம். நேராக உள்ளங்கையில், விரல் தொடங்குகிற இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாராம். அங்கே பட்டாணி மாதிரி ஒன்று உருண்டது, இவள் அலறிவிட்டாள். உளுந்து மாவையும் முட்டையின் வெள்ளைக்கருவையும் குழைத்துப் பற்றுப் போட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரு மூங்கில் தப்பையை வைத்து, விரல் மடங்காதபடி துணியால் சுற்றிக் கட்டிவிட்டார். நாற்பது நாள் அவிழ்க்கக்கூடாது, தண்ணீர் படக்கூடாது. அவிழ்த்தால் நாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இவ்வளவுதான் அவர் வைத்தியம்.

கட்டோடு வந்தவளை சூபர்வைசர் கேட்டிலேயே நிறுத்திவிட்டான்.

"இன்னாம்மா இது கையில? கட்டு போட்டுக்கினு லைனுக்கு வரக்கூடாது, தெரியாது? அவுத்துட்டு வா. இல்லன்னா வூட்டுக்குப் போ."

அவள் கட்டை அவிழ்த்தாள். பற்று பொறுக்குத் தட்டி உதிர்ந்தது. தப்பையையும் துணியையும் சுருட்டிச் சோற்றுப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். அன்றிலிருந்து அதுதான் வழக்கமாயிற்று. காலையில் கம்பெனிக்குப் பக்கத்துச் சந்தில் நின்று அவிழ்ப்பாள், சாயங்காலம் அதே சந்தில் நின்று பல்லால் துணியைக் கடித்து இழுத்துக் கட்டிக்கொள்வாள். நாள் திரும்ப ஆரம்பிக்கும் என்றாரே என்று நான் கேட்டதற்கு அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

"பாதி நாளு கட்டிக்கினு கீறேன், பாதி நாளு அவுத்துக்கினு கீறேன். அர ஷிப்ட்டு மாதிரி வச்சுக்கோ. ரெண்டு அரை சேந்தா ஒரு முழு நாளு. எம்பது நாளு கட்டினா நாப்பது ஆயிடாது?"

ஷிப்ட்டிலும் ஓவர்டைமிலும் ஊறின மூளை வேறு எப்படிக் கணக்குப் போடும்? சோதனைக்கு அவ்வளவு நாள் இல்லையே என்றுகூடத் தோன்றாமல், எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வாங்கின அடி இரவில் ஆறிப்போகும், பகலில் மறுபடி அதே இடத்தில் அடி விழும், கூட்டினாலும் பெருக்கினாலும் ஒன்றும் மிஞ்சாது என்பது எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் உறைக்கவில்லை.

ஊசிக்குக் காசு சேர்த்துக்கொண்டு, மாசி பிறந்ததும் நான் தாம்பரத்துக்குப் போனேன். அந்த டாக்டரும் உள்ளங்கையில் அதே இடத்தைத்தான் அழுத்தினார். கட்டுக்காரருக்கும் டாக்டருக்கும் நடுவே எத்தனை படிப்பு வித்தியாசம், ஆனால் கட்டைவிரல் மட்டும் ஒரே இடத்தில் போய் நின்றது! விரலை இழுக்கிற நரம்பு ஒரு குழாய்க்குள் ஓடுகிறது, குழாய் வீங்கி இறுகிவிட்டது, அதனால் நரம்பு உள்ளே போய் மாட்டிக்கொள்கிறது என்று ஒரு பேனா மூடியை வைத்துக் காட்டினார். அப்புறம் ஊசி. உள்ளங்கையில் ஊசி வாங்கினவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். அம்மா என்று கத்திவிட்டேன்.

"முதல் ரெண்டு மூணு நாள் வலி கூடத்தான் இருக்கும். அப்புறம் குறையும். மூணு வாரம் கத்திரியைத் தொடாதேம்மா" என்றார். "இது ரெண்டு தடவைக்கு மேல போடக்கூடாது. நரம்பு பலவீனமாயிடும். அப்பவும் கேட்கலன்னா ஆபரேஷன்தான்."

மூன்று வாரமாம்! நாத்தனாருக்குப் பிரசவம் என்று பொய் சொல்லி நாலு நாள் லீவு எடுத்தேன். ஐந்தாம் நாள் போய் உட்கார்ந்தபோது கை விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. மணி அடித்தது, கத்திரி விரலில் தொங்கியது.

"கேக்குதாடி?" என்றாள் அக்கா.

"இல்லக்கா."

அந்த ‘இல்லை’ உண்மை. அதற்காக எனக்குத் தண்டனை கிடையாது.

ஒன்பதாம் நாள் காலை கண் விழித்தேன். விரல் நிமிர்ந்திருந்தது. மடக்கினேன், மடங்கியது. விரித்தேன், விரிந்தது. டக்கும் இல்லை, வலியும் இல்லை. நம்பமுடியாமல் பாயில் உட்கார்ந்தபடி இருபது தடவை மூடி மூடித் திறந்தேன். மாமியார், "இன்னா, காலங்காத்தால கைய ஆட்டிக்கினு?" என்றாள். பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். டாக்டர் வீடு எந்தத் தெரு, எந்த நேரம் போனால் கூட்டம் இருக்காது, எல்லாம் சொல்லவேண்டும் என்று. சத்தியமாக.

டீ மணி அடித்தது. நான் யோசிக்காமல் கத்திரியை மேஜைமேல் வைத்துவிட்டேன். என் விரலிலிருந்து அது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அக்கா தன் கத்திரியை இடது கையால் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"இன்னிக்கு எப்பிடி கீது?"

அந்த நொடியில் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. தொழுவம் வந்தது. சாணிக் கூடை வந்தது. ஒரு பெஞ்சுக்கு ஒருத்தி என்கிற பேச்சு வந்தது. வலது கையை மடிக்குக் கீழே இறக்கி, விரலை மடக்கி, இடது கையால் பிடித்து இழுப்பதுபோல் இழுத்தேன். முகத்தைச் சுளித்தேன்.

"எங்கக்கா, ஊசியும் ஒண்ணும் கேக்கல. காசுக்குப் புடிச்ச கேடு."

அவள் என் கையைப் பார்த்தாள். மேஜைமேல் கிடந்த கத்திரியைப் பார்த்தாள். "சரி, வுடு" என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனாள். தூ, என்ன பிறவி நான்! டீயைக் குடித்தேன், அவள் வாங்கிக்கொண்டு வந்த டீயை.

அதற்கப்புறம் சோதனை நாள்வரை இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. ஊசி வேலை செய்ய ஒன்பது நாள் போதும், அவளும் போட்டுக்கொண்டிருக்கலாம். தினமும் அவள், "எப்பிடி கீது?" என்று கேட்பாள். தினமும் நான் அதே நாடகத்தை ஆடுவேன். கத்திரியை விரலில் வேண்டுமென்றே தொங்கவிடப் பழகிக்கொண்டேன். ஒருநாள்கூட அவள், "பொய் சொல்லாத" என்று சொல்லவில்லை. வெறுமனே கேட்பாள், பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருப்பாள், போய்விடுவாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நான் ஒவ்வொரு நாளும் நினைத்ததும் நிஜம். நினைப்புக்கு என்ன, நெஞ்சு நிறைய நினைக்கலாம்.

சோதனை அன்று ஆபீஸ் அறைக்கு வெளியே வரிசையாக நிற்க வைத்தார்கள். அக்கா எனக்கு முன்னால் நின்றாள். காலையிலேயே வெந்நீரில் கையை ஊறவைத்துக்கொண்டு வந்திருந்தாள், விரல்கள் சுருங்கி வெளுத்திருந்தன. கதவு பாதி திறந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. டாக்டர் அவள் கண்ணைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "ரெண்டு கையையும் மடக்குங்க" என்றார். மடக்கினாள். "விரிங்க." ஒன்பது விரல் விரிந்தது. நடுவிரல் உள்ளேயே நின்றது. அவள் கையை உதறினாள், வரவில்லை. டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது கை தானாகப் போய் அதைப் பிடித்து இழுத்தது, பழக்கதோஷம். டக்கென்று சத்தம் எனக்கே கேட்டது.

"எத்தனை நாளா இருக்கு?"

"இன்னிக்குத்தான் சாமி. காலையில தண்ணி எறைச்சேன், அதுல புடிச்சிக்கினுது."

டாக்டர் காகிதத்தில் ஏதோ எழுதினார். அடுத்தது நான். மடக்கினேன், விரித்தேன். "வெரிகுட்" என்றார் அவர்.

அன்று சாயங்காலமே பட்டியல் ஒட்டிவிட்டார்கள். என் பெயர் இருந்தது. எங்கள் பெஞ்சில் இருந்து இன்னும் இரண்டு பேர் பெயரும் இருந்தது. மூன்று பேர்! ஒருத்தியைத்தான் எடுப்பார்கள் என்று எவள் வாயிலிருந்து கிளம்பிய பொய்யோ, அதை நம்பி நான் ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணள்ளிப் போட்டிருந்தேன். அந்தப் பலகைக்கு முன்னால் நின்றபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

அக்காவைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அவள் பெஞ்சுக்கு வந்து, டியூப் சுற்றின தன் கத்திரியை எடுத்தாள். கம்பெனிக் கத்திரி, ஒப்படைத்துவிட்டுத்தான் போகவேண்டும். மேஜைமேல் வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. என் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையில் கத்திரியை வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக அவளே மடக்கி மூடினாள்.

"நீயே குடுத்துடு" என்றாள்.

பெஞ்சே திரும்பிப் பார்த்தது. கைக்குக் கை கொடுத்துவிட்டாள். அவசரத்தில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். வேறு எப்படி அன்றிரவு தூங்குவது?

நிரந்தர வேலை வந்தது. மாமியார் வாயை மூடினாள். ஏழெட்டு மாதத்தில் விரல் மறுபடி மாட்ட ஆரம்பித்தது. ஓய்வு கொடுக்காத கைக்கு ஊசி எத்தனை நாள் தாங்கும்? இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டேன், நாலு மாதம் ஓடியது. மூன்றாவது போடமாட்டேன் என்று தாம்பரத்து டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கை வைத்தால் காசு பார்க்கிற வேறொரு டாக்டரைத் தேடிப்பிடித்துப் போட்டுக்கொண்டேன். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்து, சதை குழிந்துபோனதுதான் மிச்சம். மாட்டுவது ஒரு மாதம்கூட நிற்கவில்லை. இனிமேல் கத்திதான் என்றார்கள். எனக்குக் கத்தி என்றால் பயம். இத்தனைக்கும் நாளெல்லாம் கத்திரி பிடிக்கிறவள்.

அப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படப்பைச் சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இடது கையால்தான். யாரோ என் வலது கையை எடுத்தார்கள். திரும்பினால் அக்கா. இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தாள். செங்கல் சூளையில் வேலை என்று கேள்விப்பட்டிருந்தேன். அவள் நலம் விசாரிக்கவில்லை. என் உள்ளங்கையில் நேராக அந்தப் பட்டாணியைக் கட்டைவிரலால் அழுத்தினாள். நான் சந்தை நடுவில் அலறினேன்.

"மறுபடி வந்துடுச்சா?" என்றாள்.

மறுபடி. அப்படியானால் நடுவில் ஒரு தடவை சரியானது அவளுக்குத் தெரியும்.

"அக்கா..."

"மணி அடிச்சதும் கத்திரி தானா கீழ வந்துச்சுடி. பக்கத்துல ஒக்காந்துகினு கீறவளுக்குக் கண்ணு இல்லியா?"

"தெரிஞ்சும் நீ ஏன்க்கா போயி ஊசி போட்டுக்கல? ஏன் கேக்கல?"

"தெனம் கேட்டேனே." அவள் குரல் உயரவே இல்லை. "டாக்டரு வூடு எந்தத் தெருன்னு உனக்குத்தான் தெரியும். இன்னிக்கு சொல்லுவ, நாளைக்கு சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அதைப் பார்த்து அவள் இளகவும் இல்லை, திட்டவும் இல்லை. தன் வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மடக்கினாள், விரித்தாள், மடக்கினாள், விரித்தாள். ஐந்து விரலும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தன.

"நாப்பது நாளு அவுக்காம கட்டிக்கினு இருந்தேன். வேலைதான் போச்சே, எவன் அவுக்கச் சொல்லப்போறான்? கட்டு நல்ல கட்டுதான். நாமதான் அவுத்து அவுத்துக் கெடுத்துக்கினோம்."

இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து எதையோ எடுத்தாள். அந்த மூங்கில் தப்பை. வியர்வையிலும் எண்ணெயிலும் கறுத்து, ஓரமெல்லாம் மழுங்கி, அவள் விரலின் பள்ளம் அதில் பதிந்திருந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு சந்தைக்கு வந்தாளோ, நான் கேட்கவில்லை. கத்திரிக்காய்க் கூறின் ஓரத்தில், சாக்கின்மேல் வைத்தாள். என் கையில் கொடுக்கவில்லை.

"எது கேக்குதோ அத்த மத்தவளுக்கு சொல்லணும்னு பேசிக்கினோம் இல்ல? நான் சொல்லிட்டேன். உன்ன மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சுக்காத."

மணிமங்கலம் பஸ் வந்தது. ஏறிப்போய்விட்டாள். அதற்கப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை.

தப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வேட்டித் துணியைக் கிழித்து, உள்ளங்கையிலிருந்து விரல் நுனிவரை வைத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இறுக்கிக் கட்டினேன். அவள் விரல் பள்ளத்தில் என் விரல் பொருந்தி உட்கார்ந்தது. நாற்பது நாள் அவிழ்க்கக்கூடாது. நாற்பது நாள் சம்பளமில்லாத லீவு கேட்டால் வேலை நிலைக்காது. வேலை போனால் தொழுவம்தான். அந்த வேலையை நான் என்ன கொடுத்து வாங்கினேன் என்று எனக்குத் தெரியும். அதை விட மனமில்லை. எண்பது நாள் கட்டினால் நாற்பது ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை கம்பெனிக்குப் பக்கத்துச் சந்தில் நின்று கட்டை அவிழ்த்து, தப்பையைச் சோற்றுப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.